காட்டுக்கு நாம் விருந்தாளி



கல்யாணம் என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எந்த மண்டபம்?" என்பது. அடுத்த கேள்வி, "எத்தனை இலை விழும்?" இந்த இரண்டு கேள்விக்கும் வேலையே இல்லாத ஒரு கல்யாணத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். மண்டபம் கிடையாது, பந்தி கிடையாது. மணமக்களையும் சேர்த்து மொத்தம் பத்துப் பேர். இடம், அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ராக்கி மலைத் தேசியப் பூங்கா. மணப்பெண் என் தங்கை மகள்.

அந்த நாட்டில் இப்படி நடக்கும் கல்யாணத்துக்கு 'எலோப்மென்ட்' என்று பெயர். நம் பேச்சில் சொன்னால், 'ஓடிப்போவது'. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். 1754ல் இங்கிலாந்தில் திருமணச் சட்டம் இறுகியபோது, பெற்றோர் சம்மதம் கிடைக்காத இளம் ஜோடிகள் எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்கு ஓடினார்கள். எல்லையோரத்தில் கிரெட்னா கிரீன் என்ற சிற்றூர். அங்கே கொல்லன் பட்டறையில், பட்டடைக் கல்லுக்கு முன்னால் கல்யாணம் முடிந்துவிடும். இன்று அந்தச் சொல்லிலிருந்து ஓட்டம் போய்விட்டது. மனத்துக்கு நெருங்கிய நாலு பேரோடு, பிடித்த ஓரிடத்தில், சின்னதாகச் செய்துகொள்ளும் கல்யாணம் என்ற அளவில் நிற்கிறது.

நம்மிடம் இதற்கு இன்னும் பழைய சொல் ஒன்று உண்டு: உடன்போக்கு. சங்கப் பாடல்களில் தலைவனும் தலைவியும் பாலை வழியே நடந்து போய்விடுவார்கள். செவிலித்தாய் அவர்களைத் தேடிக்கொண்டு அதே வழியில் போவாள். எதிரே வருகிறவர்களிடமெல்லாம் என் மகளைக் கண்டீர்களா என்று கேட்பாள். அந்தப் பாடல்களில் எனக்கு மறக்காமல் நிற்பவள் அவள்தான். அதனால், "பெரியம்மா, நாங்க மலையில போய் கல்யாணம் பண்ணிக்கப் போறோம்" என்று தங்கை மகள் போனில் சொன்னவுடன் என் வாயில் வந்த கேள்வி, "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்பதுதான்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன். பாட்டிகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

பாட்டி என்றால் என் அம்மா. கோவில்பட்டியில் இருக்கிறார், விமானம் ஏறுகிற வயதைத் தாண்டிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அங்கே விளக்கு ஏத்துவாங்களா?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைத்த கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கலாம். நாளைக்கு இதே மாதிரி ஒரு போன் உங்களுக்கும் வரலாம்.

பத்துப் பேர் கல்யாணம்தானே, நினைத்த நாளில் நினைத்த இடத்தில் போய் நின்று மாலை மாற்றிவிடலாம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அப்படி முடியாது. இரண்டு அலுவலகங்களில் இரண்டு காகிதம் வாங்க வேண்டும். ஒன்று கல்யாணத்துக்கு, இன்னொன்று இடத்துக்கு.

கல்யாணத்துக்கான காகிதம், கவுண்ட்டி அலுவலகம், அதாவது நம் மாவட்ட அலுவலகம் மாதிரியான ஒன்று, தரும் திருமண உரிமம். நம் ஊரில் கல்யாணம் முடிந்து பதிவு செய்யப் போவோம். அங்கே முன்கூட்டியே உரிமம் வாங்கியாக வேண்டும். கொலராடோவில் அதன் கட்டணம் 30 டாலர். வாங்கிய நாளிலிருந்து 35 நாளுக்குள் கல்யாணம் நடக்க வேண்டும். நடந்த பிறகு 63 நாளுக்குள் கையெழுத்திட்ட காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துப் பதிய வேண்டும். அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. உறுதிச் சான்று பெற்ற நகல்களைக் கையோடு இரண்டு மூன்றாக வாங்கிவைப்பது நல்லது. விசா, பாஸ்போர்ட் என்று பின்னால் ஒவ்வொன்றுக்கும் கேட்பார்கள்.

கொலராடோ சட்டத்தில் என்னைத் தொட்ட ஒரு விஷயம் உண்டு. கல்யாணத்தை நடத்திவைக்கப் பாதிரியாரோ நீதிபதியோ தேவையில்லை. சாட்சியும் கட்டாயமில்லை. மணமக்கள் தாங்களே ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சட்டப்படி செல்லும். சில ஜோடிகள் ஆசைக்காகச் சாட்சி இடத்தில் வளர்ப்பு நாயின் பாதத்தை மையில் தோய்த்துப் பதிக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்காரருக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. 1967ல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சுயமரியாதைத் திருமணத்துக்கு நம் சட்டமன்றம் சட்ட ஏற்பு கொடுத்தது. புரோகிதர் வேண்டாம். உற்றாரோ நண்பரோ முன்னிலையில் இருவரும் ஏற்றுக்கொண்டு மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். அந்தத் திருமணம் ஊரறிய நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. கல்யாணத்தின் உயிர் அந்த இருவரின் சம்மதத்தில் இருக்கிறது. கோவில்பட்டியிலும் கொலராடோவிலும் சட்டம் ஒப்புக்கொள்வது இதைத்தான்.

இடத்துக்கான காகிதத்தைப் பூங்கா நிர்வாகம் தருகிறது. ராக்கி மலைப் பூங்காவில் கல்யாணத்துக்கென்று சில இடங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் இத்தனை பேர், ஒரு மாதத்தில் இத்தனை கல்யாணம் என்று வரம்பும் உண்டு. படம் எடுப்பவரும் அந்தக் கணக்கில் ஓர் ஆள். செப்டம்பர் மாத அனுமதிக்கு அவ்வளவு போட்டி என்பதால், பிள்ளைகள் ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே மனுப் போட்டார்கள். எனவே முதலில் இடத்துக்கு அனுமதி, அது கையில் வந்த பிறகு விமான டிக்கெட், கல்யாண மாதத்தில் திருமண உரிமம். இந்த வரிசை மாறினால் பணமும் மனமும் அலையும்.

அனுமதியோடு விதிகளும் வந்தன. தங்கை மகள் அவற்றைப் போனில் ஒவ்வொன்றாகப் படித்தாள். அரிசி தூவக் கூடாது. பூவிதழ் தூவக் கூடாது. ஒலிபெருக்கி கூடாது. டிரோன் கூடாது, 2014லிருந்து எல்லாத் தேசியப் பூங்காக்களிலும் அதற்குத் தடை. அங்கே பூத்த பூவைப் பறிக்கக் கூடாது. குறித்த அடுப்புகளைத் தவிர வேறெங்கும் தீ மூட்டக் கூடாது. நடைபாதையில் நாய்க்கும் அனுமதி இல்லை. பாதம் பதிக்கும் ஆசை இருந்தால் அதை வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

அட்சதை இல்லை, ஹோமம் இல்லை, மேளம் இல்லை. கேட்கக் கேட்க எனக்கு மனசு சுருங்கியது. "என்னடி, கல்யாணத்தில் இருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டாங்களே" என்றேன். அதற்கு அவள், "பெரியம்மா, மண்டபத்துல நாம வீட்டுக்காரங்க. இங்க நாம விருந்தாளி" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விருந்துக்குப் போன வீட்டில் நாம் சுவரில் ஆணி அடிப்போமா? அவர்கள் வீட்டுக் குழந்தை தூங்கும்போது சத்தம் போடுவோமா? அரிசி தூவினால் பறவையும் அணிலும் தின்னும். தின்று பழகினால் மனிதரைத் தேடி வரும். வெளியூர்ப் பூவின் விதை விழுந்தால் அங்கே இல்லாத செடி முளைக்கும். அந்தப் பூங்காவின் உச்சிப் பகுதிகளில், மரமே வளராத உயரத்தில், விரலளவுச் செடிகள் தரையோடு ஒட்டிப் படர்ந்திருக்கின்றன. பனியும் காற்றும் விட்டுவைக்கிற சில வாரங்களில் அவை வளர வேண்டும். மிதிபட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். ஒரு நல்ல போட்டோவுக்காகப் பாதையை விட்டு நாலடி எடுத்துவைப்பதில் இவ்வளவு இருக்கிறது.

அந்த வீட்டுக்கு வயதும் அதிகம். பூங்கா என்று அறிவித்தது 1915ல். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே யூட், அரபஹோ மக்கள் அந்த மலைகளில் நடந்திருக்கிறார்கள். 1914ல் அரபஹோ முதியவர்கள் சிலரை அழைத்துவந்து, மலைகளுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இன்று லாங்ஸ், மீக்கர் என்று வழங்கும் பக்கத்துப் பக்கத்துச் சிகரங்கள் இரண்டையும் சேர்த்து அவர்கள் 'இரு வழிகாட்டிகள்' என்றார்களாம். சமவெளியில் வெகுதூரத்தில் வருகிறவருக்கே அந்த இரண்டும் தெரியும். போகிற வழியில் தங்கை மகள் காரை நிறுத்தி எங்களுக்குக் காட்டினாள்.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் ஸ்ப்ரேக் ஏரி. அப்னர் ஸ்ப்ரேக் என்ற குடியேறி, தன் விடுதிக்கு வரும் விருந்தினர் மீன் பிடிக்கட்டும் என்று ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி அது. விடுதி இன்று இல்லை, ஏரி இருக்கிறது. சுற்றிலும் மேடு பள்ளமில்லாத பாதை. சக்கர நாற்காலியும் போகும். முழங்கால் வலிக்காரியான என்னை நினைத்துத்தான் அந்த இடத்தைப் பிடித்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஏரியே ஏறக்குறைய நம் தொட்டபெட்டா உயரத்தில் இருக்கிறது. கீழேயிருந்து நேராகப் போய் நின்றால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். இரண்டு நாள் முன்பே அடிவாரத்து ஊரான எஸ்டஸ் பார்க்கில் தங்கி, தண்ணீர் நிறையக் குடித்து, உடம்பைப் பழக்கிக்கொண்டோம். பருவத்தையும் பார்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலானால் இடியும் மின்னலும் வரும். செப்டம்பர் கடைசியில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சள் மஞ்சளாக மாறி நிற்கும். ஆனால் பனி விழவும் கூடும். 2020 அக்டோபரில் காட்டுத்தீ வந்து எஸ்டஸ் பார்க் ஊரையே காலி செய்ய வேண்டியிருந்தது. அதனால் மாற்று இடமும் மாற்று நாளும் கையில் இல்லாமல் அங்கே முகூர்த்தம் குறிக்கக் கூடாது.

அந்தக் காலைப் பொழுதைச் சொல்கிறேன். புல்லில் உறைபனி. தங்கை மகள் அரக்குப் பட்டுப் புடவைக்குள் கம்பளி உடுத்தி, காலில் மலையேறும் பூட்ஸ் போட்டிருந்தாள். மாப்பிள்ளை வேட்டிக்குள்ளும் கம்பளிதான். ஏரிக்கு அந்தக் கரையில் எங்கோ ஓர் எல்க் மான் கூவியது. அவை இணை சேரும் பருவம் அது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து புல்லாங்குழலில் மேல் ஸ்வரம் பிடித்தது மாதிரி மெல்லிசாக ஒரு குரல். அந்த மானுக்கும் நமக்கும் 23 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பதும் விதிகளில் ஒன்று. மேளம் இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த நான், அந்தக் குரல் அடங்கும்வரை மூச்சுவிடாமல் நின்றேன்.

அனுமதி வாங்கினாலும் அந்த இடம் நமக்கு மட்டும் என்று ஆகிவிடாது. எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். மாலையைக் கையில் எடுத்தவுடன் அவர் நரம்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி நின்றார். அட்சதைக்கு ஒரு வழி செய்திருந்தோம். மஞ்சள் அரிசியைத் தூவாமல், ஒவ்வொருவராகப் போய், மணமக்கள் சேர்த்துப் பிடித்திருந்த வெள்ளைத் துணியில் இட்டு வாழ்த்தினோம். கடைசியில் அதை முடிந்து பையில் வைத்தாயிற்று. உதிர்ந்த மாலைப் பூவை நானும் என் தங்கையும் குனிந்து குனிந்து பொறுக்கினோம். கல்யாணப் பெண்ணின் அம்மா என்றால் நம் ஊரில் யாரைக் கவனிப்பது, யாரைக் கேட்பது என்று அலைந்து, மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள். என் தங்கை பக்கத்தில் நின்று முழுதாகப் பார்த்தாள்.

இப்போது விளக்கு. ஏரிக்கரையில் தீ ஏற்ற முடியாது. ஆனால் அங்கே காலை ஏழரை என்றால் கோவில்பட்டியில் இரவு ஏழு மணி. தங்கை மகள் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நேரமே குறித்திருந்தாள். "பாட்டி, சரியா ஏழு மணிக்கு நீங்க விளக்கு ஏத்துங்க. அந்த நிமிஷம் இங்க தாலி ஏறும்" என்று முந்தைய நாளே சொல்லிவிட்டாள். பூங்காவுக்குள் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. அதனால் இரண்டு பக்கமும் கடிகாரத்தை மட்டும் நம்பினோம்.

ஏழரைக்கு ஹாலெட் சிகரத்தின் மேல் வெயில் விழுந்திருந்தது. தாலி ஏறியது. எஸ்டஸ் பார்க்குக்கு இறங்கிவந்து போன் போட்டபோது, என் அம்மா முதல் மணியிலேயே எடுத்தார். "அஞ்சு முகமும் ஏத்தியிருக்கேன், இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருக்கு" என்றார்.

சிறிய கல்யாணம் நடக்கட்டும், நேயர்களே. கடன் இல்லாமல், காட்டுக்கும் கேடில்லாமல் நடக்கட்டும். பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். உடன் வர முடியாதவர்களுக்கும் அதில் ஒரு வேலை கொடுங்கள். வழியில் நின்று, என் மகளைக் கண்டீர்களா என்று கேட்கும்படி யாரையும் விட்டுவிடாதீர்கள்.