பேஸ்மெண்டில் ஹெடர் மாட்டிய கதை

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படிக்கட்டும், எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டார். பேசும்போது இரண்டு இடத்தில் தடுமாறினேன். இங்கே அந்தத் தடுமாற்றம் தெரியாது, மற்றபடி அன்று சொன்னதுதான்.

என்னிடம் 2004-இல் வாங்கிய ஒரு மாருதி எஸ்டீம் இருப்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷம் வங்கியில் லெட்ஜரும் கேஷ் கவுண்டருமாக இருந்தவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகு ஸ்பானர் பிடிக்கும் ஆசை வந்தது. ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது எல்லாம் நானே கற்றுக்கொண்டேன். அந்தத் தைரியத்தில்தான், 'ஹெடர் மாட்டலாம் மாமா' என்று அக்கா மகன் சொன்னபோது தலையாட்டினேன்.

ஹெடர் என்றால் என்ன என்று பலர் கேட்டீர்கள். எஞ்சினின் நான்கு சிலிண்டர்களிலிருந்தும் வெளியேறும் புகையை வாங்கி ஒரே குழாயில் சேர்க்கும் பாகத்துக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்று பெயர். கம்பெனி மாட்டித் தருவது பெரும்பாலும் கனமான வார்ப்பிரும்பு. விலை குறைவு, வருஷக்கணக்கில் உழைக்கும், ஆனால் உள்ளே வழி குறுகலும் வளைவுமாக இருக்கும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய், முடிந்தவரை ஒரே நீளத்தில் வளைத்து, கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பதுதான் ஹெடர். ஒரு சிலிண்டரின் புகை வேகமாக வெளியேறும்போது அதன் பின்னால் அழுத்தம் குறையும். அந்த இழுப்பு அடுத்த சிலிண்டரின் புகையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் சாதாரணமாக 1-3-4-2 என்ற வரிசையில் எரியும். அதனால் முதலில் 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் ஜோடி சேர்த்து, பிறகு இரண்டையும் ஒன்றாக்குவது ஒரு வகை. நான்கையும் ஒரே இடத்தில் சேர்ப்பது இன்னொரு வகை. தத்துவம் அழகானது. பந்தயக் காரில் அதற்குப் பலன் உண்டு. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போகிற என் எஸ்டீமுக்கு என்ன பலன் என்று நான் அப்போது கேட்கவில்லை.

வாங்கிய செட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்கிற இடத்துக்கு ஒரு நேர்க் குழாய். புகையில் இருக்கும் நச்சு வாயுவை மாற்றுகிற பாகம்தான் கன்வர்ட்டர். 'அதை எடுத்தாத்தான் மாமா வண்டி மூச்சு விடும்' என்றான் பையன். எங்களுடைய மூச்சைப் பற்றி இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

கடந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேஸ்மெண்டில் என் பார்க்கிங் இடத்திலேயே வேலையைத் தொடங்கினோம். முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினேன். அது சரி. பிறகு வண்டியோடு வந்த ஜாக்கியில் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டுப் பையன் உள்ளே நுழையப் போனான். நான் விடவில்லை. அந்த ஜாக்கி டயர் மாற்றத்தான், அதை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. இரண்டு ஜாக் ஸ்டாண்டு வாடகைக்கு வாங்கி வந்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போனோம். இதில் மட்டும் நான் புத்திசாலியாக இருந்திருக்கிறேன்.

நட்டுகள்தான் எங்கள் நாளைத் தின்றன. இருபது வருஷம் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டுத் துரு ஏறிய நட்டு. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விட்டிருக்க வேண்டும். நாங்கள் அடித்து அரை மணியில் ஸ்பானரைப் போட்டோம். மூன்றாவது நட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். நட்டு வரவில்லை, ஸ்டட் பாதியில் முறிந்துவிட்டது. சிலிண்டர் ஹெட் அலுமினியம். முறிந்த இரும்பை அதிலிருந்து எடுக்க, வெளியிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரரைக் கூட்டிவர வேண்டியதாயிற்று. உங்களில் யாராவது இப்படி ஒன்றைச் செய்யப் போனால், ஒரேயடியாகத் திருகாதீர்கள். கால் சுற்று தளர்த்தி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி, அப்படித்தான் கொண்டுவர வேண்டும். ஆறு முனை சாக்கெட் போட்டால் நட்டின் மூலை மழுங்காது.

மாட்டும்போது புது காஸ்கெட் வைத்து, நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும், இரண்டு மூன்று தடவையாக இறுக்கினால்தான் ஒரே சீராக உட்காரும். எஞ்சின் ஒரு தடவை சூடாகி ஆறிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க வண்டியை ஸ்டார்ட் செய்யவே தேவையில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வாக்குவம் கிளீனரில் காற்று வெளியேறும் பக்கத்தை சைலன்சர் முனையில் பிடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது மாதிரிக் குமிழ் வரும்.

நாங்கள் ஸ்டார்ட் செய்துதான் பார்த்தோம்.

அப்போது மாலை ஆறரை. வெளியே நல்ல மழை. தண்ணீர் உள்ளே வராமலிருக்கச் சரிவுப் பாதையின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தோம். பேஸ்மெண்ட் எக்ஸாஸ்ட் ஃபேனின் ஸ்விட்ச் எனக்கு இருபதடி தூரத்தில் இருந்தது, நான் போடவில்லை. புதுக் குழாயில் பூசியிருந்த எண்ணெய் எரிந்து வெள்ளைப் புகை வந்தது. 'அது போற வரைக்கும் ஓடட்டும்' என்றான் பையன். கேட்டில் சாரல் அடித்ததால் நம் வாட்ச்மேன் அண்ணன் கீழே வந்து, மூலைத் தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். காபி ஆறுகிறது என்று வீட்டிலிருந்து போன் வந்தது. வண்டியை ஓட விட்டுவிட்டு இரண்டு பேரும் மாடிக்குப் போனோம்.

திரும்பி வர இருபது நிமிஷம் இருக்கும். வெள்ளைப் புகை நின்றிருந்தது, நல்லது என்று நினைத்தேன். வாட்ச்மேன் அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். 'தலை வெடிக்குது சார், கால் நிக்கல' என்றார். வண்டியை நிறுத்தி, இருவருமாக அவரைத் தாங்கி மேலே வராந்தாவுக்குக் கொண்டுவந்தோம். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தது. விரலில் மாட்டினோம். 98 காட்டியது. சரி, மத்தியானம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போல என்று மோர் கொடுத்தோம்.

அவர் பேச்சு குழறியதும்தான் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டூட்டி டாக்டர் இளம்பெண். அவர் கேட்ட இரண்டாவது கேள்வியே, 'மூடின இடத்துல ஏதாவது எஞ்சின் ஓடிச்சா?' என்பதுதான். நான் ஆமாம் என்றேன். உடனே முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வாகனப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்லும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் 98 காட்டியது. அவர் உட்கார்ந்தபடி தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். டாக்டர் பதில் சொல்லவில்லை, கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இதுவரை உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான், ஒரு இடத்தைத் தவிர. அன்று மாலை கரண்ட் போய் ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடியது. ஜெனரேட்டர் புகைதான் காரணம் என்று பேச்சு கிளம்பியது. கமிட்டி ஆள் வைத்து, 4,500 ரூபாய் செலவழித்து, ஜெனரேட்டரின் புகைக் குழாயைச் சோதித்தது. அந்த வவுச்சரில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். உண்மை தெரிந்தும் போட்டேன். வங்கியில் கணக்கு டாலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம். சீக்கிரம் தீர்க்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நினைவூட்டல் வந்துகொண்டே இருக்கும். இதை நான் ஏழு மாதம் சஸ்பென்ஸில் வைத்திருந்தேன், நினைவூட்ட யாரும் இல்லை. 4,500 ரூபாயைப் பொருளாளரிடம் கட்டிவிட்டேன், ரசீது எண் போட்டுத் தந்திருக்கிறார்.

ஹெடரின் கதையையும் முடித்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் நோட்டில் எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11-க்கு இறங்கியது. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் காஸ்கெட்டில் கசிவு இருந்திருக்கிறது. அந்த வழியாக வெளிக் காற்று புகுந்தால், பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் கணக்குச் சொல்லும், எஞ்சின் கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றும். புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறவில்லை. என் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், காட்டியது 2-க்கு மேல். சத்தத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பி பிளாக்கில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எத்தனை நாள் பொறுத்துக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

சட்டம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் 190(2)-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியும் போகும். ஆட்டோ உதிரிபாகக் கடையில் விற்கிறார்களே என்று கேட்காதீர்கள். என் பையனும் அதையேதான் கேட்டான்.

ஜனவரியில் பழைய மேனிஃபோல்டையும் கன்வர்ட்டரையும் திரும்ப மாட்டிவிட்டேன். இந்தத் தடவை திறந்த வெளியில், ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு.

பொதுக்குழுவுக்கு முதல் நாள் வாட்ச்மேன் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஜெனரேட்டர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். 'வண்டி ஓடப் போவுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் மழையிலயே நின்னுருப்பேன் சார்' என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் கொண்டுபோயிருந்த பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அந்த மாதம் மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள், அதை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். கமிட்டி அதைக் கொடுத்துவிட்டது.

கூட்டத்தில் நான் கேட்டுக்கொண்டபடி மூன்று முடிவுகள் பதிவாகியிருக்கின்றன. பேஸ்மெண்டில் வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை ஓட விடக் கூடாது. காலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும். கரண்ட் பில் கூடும், தெரிந்தேதான் சம்மதித்தோம். வாட்ச்மேனுக்கு கேட் பக்கத்தில் கூரை போட்ட கேபின் கட்டும் வரை, மழை நாளில் அவர் தரைத்தள வராந்தாவில் உட்காருவார். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி, மூலைத் தூணில் நானே மாட்டியிருக்கிறேன். மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்து ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுகிற வேலையையும் எனக்கே கொடுத்திருக்கிறார்கள். முதல் தேதி காலை எட்டு மணிக்குக் கீழே 'கீ கீ' என்று சத்தம் கேட்டால், அது நான்தான்.