இறுகிப்போன எண்ணெய்



தமிழிலே 'நூல்' என்ற ஒரே சொல் இழையையும் குறிக்கிறது, புத்தகத்தையும் குறிக்கிறது. பஞ்சிலிருந்து இழை நூற்கும் பெண்ணின் தொழிலையே, புலவன் நூல் செய்யும் முறைக்கு உவமையாக்கினார் நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர். இந்துக் கல்லூரியொன்றில் இருபது வருடங்களாக இந்தச் செய்யுளை நான் வகுப்பிலே விளக்கி வருகிறேன். ஆயினும், என்னைப் படிப்பித்த நூல் எது என்பது சென்ற வருடந்தான் எனக்குச் சரியாக விளங்கிற்று. அது ஒரு பழைய தையல் மெசினில் ஓடிய நூல்.

எங்கள் வீட்டில் ஒரு சிங்கர் கைமெசின் இருக்கிறது. வளைந்த மரமூடி, கறுத்த இரும்புடல், அதன்மேல் மங்கிப்போன பொன்னிறச் சித்திரம். ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் ஆலையில் அது செய்யப்பட்டதென்பதை இலக்கத்தின் முன்னெழுத்தைக் கொண்டு அறியலாம். அந்த ஆலை 1980 இல் மூடப்பட்டுவிட்டது. சிங்கர் கம்பனி 1877 இலேயே இலங்கையில் வியாபாரத்தைத் தொடங்கியது. ஆதலால் இந்த மெசின் எங்கள் கிராமத்து வீடுகளின் சீதனப் பொருள்களுள் ஒன்றானதில் வியப்பில்லை. அம்மம்மாவுக்குச் சீதனமாக வந்தபோதே இது பழையது. பின்னர் அம்மாவின் கைக்கு வந்தது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு. வலிகாமம் முழுவதும் செம்மணி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தது. எனக்குப் பதினைந்து வயது. வீட்டில் இருந்தது ஒரேயொரு சைக்கிள். அதன் கரியரில் வைப்பதற்காக என் புத்தகப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி ஆயத்தமாக வைத்திருந்தேன். அம்மா அதை இறக்கி வைத்துவிட்டு மெசினை ஏற்றினார். நான் அழுதேன், சண்டை பிடித்தேன். அதன்பின் மூன்று நாட்கள் அவருடன் பேசவில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை.

ஆனால் தென்மராட்சியில் பாடசாலை மண்டபத்து மூலையொன்றில் நாங்கள் தங்கியிருந்த அந்த மாதங்களில், அம்மா அந்த மெசினில் சட்டை தைத்துத்தான் எங்களுக்குச் சோறு போட்டார். 1996 இல் ஊர் திரும்பிய பின்னர் அயற்பிள்ளைகளின் பாடசாலைச் சீருடைகளைத் தைத்தார். அந்த வருமானத்திலேதான் நான் பட்டதாரியானேன். இயந்திரங்களைச் சந்தேகத்தோடு நோக்கிய காந்தியடிகள்கூட, 1924 இல் ஓர் இளைஞரின் கேள்விக்குப் பதிலளிக்கையில் சிங்கர் தையல் மெசினுக்கு மட்டும் விலக்களித்தார். அதன் பின்னணியில் அன்பு இருப்பதாக அவர் கருதினார். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை.

எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்ததும் அம்மா மெசினை மூடி வைத்தார். இருபது வருடம் மூடியபடியே கிடந்தது. சென்ற வருடம் பழைய இரும்பு வாங்குபவர் வாசலுக்கு வந்தபோது, "அதையும் குடுத்துவிடு தம்பி, அது செத்துப்போச்சு" என்றார் அம்மா. மூடியைத் திறந்து கைபிடியைச் சுழற்றிப் பார்த்தேன். அசையவில்லை. பலங்கொண்ட மட்டும் முறுக்கினேன். அப்போதும் அசையவில்லை.

எங்கள் சந்தியில் ஐம்பது வருடம் தையற்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் எண்ணெய் விடும் துவாரங்களைச் சுரண்டி முகர்ந்து பார்த்தார். "மாஸ்ரர், முறுக்காதேங்கோ. இது பழுதாகேல்லை, இறுகிப்போச்சு. ஆரோ தேங்காயெண்ணெய் விட்டிருக்கினம்" என்றார்.

அம்மா தலை குனிந்தார். "அந்த நேரம் மெசின் எண்ணெய் எங்கை கிடைச்சது? நான்தான் விட்டனான். நான்தான் கெடுத்துப்போட்டன்" என்றார்.

பொருளாதாரத் தடை நிலவிய அக்காலத்தில் மண்ணெண்ணெயே அளந்து வாங்கும் அரும்பொருளாயிருந்தது. சமையலுக்கு வைத்திருந்த எண்ணெயில் சில துளிகளை மெசினுக்குப் பங்கிட்டிருக்கிறார். அன்றைக்கு அது ஓடியது. காலப்போக்கில் அந்த எண்ணெயே பிசினாகி, இரும்போடு இரும்பை ஒட்டிவிட்டது. அன்று ஓட வைத்ததுதான் பின்னர் பூட்டி வைத்தது. இதில் கெடுத்தவர் யார்?

பெரியவர் சொன்னபடி ஒவ்வொரு துவாரத்திலும் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விட்டேன். பொன்னிறச் சித்திரத்தில் படாமல் துணியால் ஒற்றினேன். பகலில் வெயிலில் வைத்தேன். கைபிடியை முறுக்காமல், முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துக்கொண்டேயிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. ஐந்தாம் நாள் முழுச் சுற்றுச் சுற்றியது. கறுத்த பிசின் கரைந்து வழிந்தது. மண்ணெண்ணெய் கழுவுமேயன்றித் தேய்மானத்தைத் தடுக்காது. ஆகையால் அதைத் துடைத்துவிட்டு நல்ல மெசின் எண்ணெய் விட்டேன். ஊசித் தகட்டைக் கழற்றியபோது, பல்லுகளுக்கிடையே கம்பளிபோல் இறுகிக் கிடந்தது வெள்ளையும் நீலமுமான பஞ்சு. எத்தனை பிள்ளைகளின் சீருடைத் தும்போ! ஒரு குண்டூசியால் அதைக் கிளறி எடுத்தேன். எறிய மனம் வரவில்லை.

ஆனாலும் தையல் விழவில்லை. நூல் தாவித் தாவி ஓடியது. நேயர்களே, கைத்தையல் ஊசிக்குக் கண் பின்னந்தலையில். மெசின் ஊசிக்கோ கூர்முனையருகில். எலியாஸ் ஹோ என்ற அமெரிக்கர் 1846 இல் ஆக்கவுரிமை பெற்ற மெசினிலேயே இந்த அமைப்பு இருந்தது. ஊசி அடிவரை இறங்கிச் சற்றே மேலெழும்போது நூல் தளர்ந்து ஒரு சிறு வளையமாகிறது. படகு வடிவான ஷட்டில் கீழ்நூலையும் இழுத்துக்கொண்டு அவ்வளையத்தினூடே பாய்கிறது. இரண்டும் துணியின் நடுவே பின்னிக்கொண்டால்தான் தையல். மேல்நூல் மிக இறுகினால் முடிச்சு மேலே தெரியும். மிகத் தளர்ந்தால் கீழே தெரியும். இவ்வளவும் எனக்கு விளங்கியது. தையல் மட்டும் விழவில்லை.

அம்மா அருகில் வந்தார். கண்பார்வை மங்கிவிட்டது. ஊசியை நகத்தால் ஒருமுறை மேலிருந்து கீழாக வருடினார். "நீட்டுப் பள்ளம் இருக்கிற பக்கத்தாலைதான் நூல் போகவேணும், தம்பி. ஊசியை மாறிப் பூட்டியிருக்கிறாய்" என்றார். திருப்பிப் பூட்டினேன். அம்மா கைபிடியைப் பிடித்தார். பழைய கந்தலொன்றில், ஒன்றன்பின் ஒன்றாக, நேர்கோடாகத் தையல் விழுந்தது.

அன்றைக்கு அவருடன் பேசாமலிருந்த மூன்று நாட்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல் வரவில்லை. அவரே, கையை நிறுத்தாமல் கேட்டார்: "அந்தப் பெட்டியிலை என்னென்ன புத்தகம் வைச்சிருந்தனி?"

ஏறக்குறைய முப்பது வருடங்களாக அந்தக் கேள்வியை அவரும் உள்ளே வைத்திருந்திருக்கிறார். ஞாபகத்தில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தைத்துக்கொண்டே கேட்டார்.

பழைய இரும்பு வாங்குபவர் போன மாதமும் வந்தார். எங்கள் வீட்டில் பழைய இரும்பு இல்லையென்று சொல்லியனுப்பினேன்.