முதியோர் இல்லம்: கட்டுமுன் சில எண்ணங்கள்

(பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது பங்கின் பொன்விழா நினைவாக ஒரு முதியோர் இல்லம் எழுப்ப வேண்டுமென்று ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறீர்கள். மணிக்கூண்டு வேண்டும், புதுக் கெபி வேண்டும் என்று கேளாமல் முதியோரை நினைத்தீர்களே, அதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். முப்பது கட்டில்கள் போடலாம் என்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு மனம் விட்டுப் பேச விரும்புகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, பிள்ளைகள் இல்லாத ஒரு மூதாட்டியை நானே அழைத்துச் சென்று ஓர் இல்லத்தில் சேர்த்தேன். அங்கே சிற்றாலயம் தூய்மையாக இருந்தது. முற்றத்தில் பூச்செடிகள் இருந்தன. மாலை செபம் தவறாமல் நடந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. குளியலறையை நான் எட்டிப் பார்க்கவில்லை. இரவில் யார் விழித்திருப்பார் என்று கேட்கவில்லை. நான்காம் மாதம் ஓர் இரவு, கழிவறைக்குப் போன பாட்டி ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். பற்றிக்கொள்ளக் கைப்பிடி இல்லை, விளக்கு இல்லை, கூப்பிட்டால் கேட்க ஆளும் இல்லை. விடியற்காலையில் கூட்டிப் பெருக்க வந்த பெண்தான் அவரைக் கண்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அதன்பின் அவர் எழுந்து நடக்கவேயில்லை. மருத்துவமனையில் நான் பார்த்தபோது, "அவங்க நல்லவங்க சாமி, ஒண்ணும் கேட்டுடாதீங்க" என்றார். உண்மைதான். அவர்கள் நல்லவர்களே. நல்ல மனம் இருந்தும் அங்கே ஒரு கைப்பிடி இல்லாமற் போயிற்று.

ஆகவேதான் சொல்கிறேன்: இரக்கம் மட்டும் போதாது; இரக்கத்துக்கு ஒழுங்கும் வேண்டும். பிரான்சு நாட்டில் புனித ஜான் ஜூகன் 1839-ஆம் ஆண்டில், பார்வையிழந்து, பாதி உடல் செயலற்றுப் போன ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் கட்டிலையே கொடுத்துவிட்டுத் தாம் மேல்பரணில் படுத்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை இவ்வாறு ஒரே ஒரு கட்டிலில்தான் தொடங்கியது. தம்மால் பேணக்கூடிய ஒருவரை முதலில் நன்றாகப் பேணினார். பிறகே மற்றவர்கள் வந்தார்கள். அவர் 2009-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

ஒழுங்கு தவறினால் என்ன நேரும் என்பதற்கு வெகுதூரத்துச் செய்தி ஒன்று. கனடா நாட்டில், கியூபெக் மாநிலத்தில், லீல்-வெர்ட் என்பது ஒரு சிற்றூர். 2014 சனவரி 23-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் அங்கிருந்த முதியோர் இல்லம் தீப்பற்றி எரிந்தது. 32 பேர் மாண்டனர். கட்டடத்தின் புதிய பகுதியில் தானாக நீர் தெளித்துத் தீயணைக்கும் குழாய்கள் இருந்தன. பழைய பகுதியில் அவை இல்லை. நம் இராமநாதபுரம் மாவட்டத்திலும், ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், மனநோயாளர் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை எரிந்து 28 பேர் மடிந்தனர். சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. நாம் சங்கிலி போடமாட்டோம். ஆனால் இரவில் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியைக் காவலாளி இடுப்பில் செருகிக்கொண்டு உறங்கினால், அதுவும் ஒரு சங்கிலிதானே!

நம் இல்லத்தில் என்ன இருக்க வேண்டும்? பெரிய காரியங்கள் அல்ல. கழிவறையில் வழுக்காத தரை, சுவரில் உறுதியான கைப்பிடி, உட்காரும் கோப்பை, இரவு முழுவதும் ஒரு விளக்கு. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்நோக்கித் தள்ளித் திறக்க இயலாது. உட்கார்ந்தால் கால் தரையில் படும் உயரத்தில் கட்டில். வெளியேற இரண்டு வழிகள். எரிவாயு உருளை கட்டடத்துக்கு வெளியே. மாத்திரைகள் அவரவர் பெயர் எழுதிய பெட்டியில். கொடுத்தவர் குறிப்பேட்டில் கையெழுத்திட வேண்டும். ஒருவருடைய சர்க்கரை மாத்திரையை மற்றொருவர் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் படுக்கைப்புண் வரும். இத்தனையும் செய்யக் கைகள் வேண்டும். கட்டடத்துக்குக் கொடுப்பவருடைய பெயரைக் கல்லில் பொறிக்கிறோம். இரவு விழித்திருக்கும் ஆயாவின் சம்பளத்துக்குக் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

பாதுகாப்போடு மதிப்பும் வேண்டும். பிறந்தநாள் விருந்து கொடுக்க வருபவர்கள், தட்டேந்தி நிற்கும் முதியோரோடு படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் இல்லத்தில் வேண்டாம். குழம்பில் உப்பு அதிகம் என்று அஞ்சாமல் சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். சேர்த்துவிட்டுத் திரும்பிப் பாராத பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டதால் நான்காம் கட்டளை நிறைவேறிவிடவில்லை.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. முதியோரைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை உண்டென்கிறது அது. இல்லங்களின் தரத்தை வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளிக்கிறது. ஆலயத்தைச் சார்ந்தது என்பதற்காக நமக்கு விலக்கு இல்லை. மாவட்ட சமூக நல அலுவலரிடம் பதிவு செய்த பின்னரே முதல் முதியவரைச் சேர்ப்போம்.

எனவே உங்கள்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, முப்பது கட்டில் வேண்டாம். பன்னிரண்டு போதும், இரவுப்பணிக்கு இருவர் இருக்கட்டும். இரண்டாவது, ஊழியர்களின் ஓராண்டுச் சம்பளம் வங்கியில் சேர்ந்த பிறகே அடிக்கல் நாட்டுவோம். மூன்றாவது, மாதந்தோறும் இரு குடும்பத்தினர் முன்னறிவிப்பின்றிச் சென்று, பொறுப்பாளர் அருகில் இல்லாதபோது முதியோரோடு பேசி, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதட்டும்.

பொன்விழா நாளில் திறப்புவிழா நடக்காமற் போகலாம். ஆயரிடம் காரணத்தை நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பன்னிரண்டு கட்டில்களில் ஒன்று ஒருநாள் உங்களில் ஒருவருக்கோ, எனக்கோ தேவைப்படலாம். அன்று நள்ளிரவில் நாம் கூப்பிட்டால், கேட்டு எழுந்துவர அங்கே ஒருவர் இருக்க வேண்டும். அதற்கு இன்றே வழிசெய்வோம். ஆண்டவர் உங்கள் முயற்சியை ஆசீர்வதிப்பாராக!