பாதம் நிற்கும் நிலை

கோல்ப் ஆட்டத்தில் பந்தை அடிப்பது கை என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். 1895-இல் தோன்றிய கொடைக்கானல் கோல்ப் கழகத்தின் புல்வெளியோரம் ஒருநாள் நின்று பார்த்தபோது அவ்வெண்ணம் மாறிற்று. ஆடுவோர் மட்டையை ஓங்குமுன் தம் பாதங்களையே திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தனர்.

வலக்கைக்காரர் நெடுந்தொலைவு அடிக்கப் பாதங்களைத் தோளகலம் விரித்து, பந்தை இடக் குதிகாலுக்கு நேரே கொள்வார். சிற்றடிக்குப் பாதங்கள் நெருங்கும்; பந்து நடுவே வரும். அமெரிக்க வீரர் பென் ஹோகன் 1957-இல் வெளியிட்ட நூலில், வலப்பாதம் பந்து செல்லும் திசைக்குச் செங்குத்தாகவும், இடப்பாதம் சற்று வெளிநோக்கியும் இருக்கவேண்டும் என்றார். வலப்பாதம் அவ்வாறிருப்பின் மட்டையை ஓங்கும்போது இடுப்பு அளவுமீறித் திரும்பாது. இடப்பாதம் திறந்திருப்பின், அடித்தபின் உடல் இலக்கை நோக்கி எளிதில் திரும்பும்.

ஆயினும் எல்லார் உடலும் ஹோகனின் உடலன்று. இடுப்பு இறுகியவர் வலப்பாதத்தையும் சற்றே வெளியே திருப்பிக்கொள்ளலாம். அன்றேல் திரும்பும் விசையை முழங்கால் தாங்கவேண்டிவரும்.

இதைச் சொல்லுகையில் என் நெஞ்சு உறுத்துகிறது. சங்ககிரியில் நான் ஆசிரியனாயிருந்த நாளில், உடற்பயிற்சி வகுப்பில் பாதங்களை அகல வெளிநோக்கியே வைத்து நின்றான் ஒரு சிறுவன். சோம்பல் என்று கருதி, தரையில் கோடு கிழித்து நேரே நிற்கச் செய்தேன். முழங்கால் வலிக்கிறதென்று இருமுறை சொன்னான்; நான் நம்பவில்லை. பின்னர் மலைக்கோட்டைக்கு மாணவரை அழைத்துச் சென்றேன். அனைவர்க்கும் முன்னே படியேறிச் சென்றவன் அவனே. பாதங்கள் வெளிநோக்கியே இருந்தன.