முகப்பருவும் இளையோர் மனமும்

பருவம் வந்தாற் பருவும் வரும் என்று பெரியோர் எளிதாகக் கூறிவிடுவர். 16 வயதில் முளைப்பது 20 வயதில் மறைந்துவிடும் என்பது அவர்தம் எண்ணம். பலருக்கு அவ்வண்ணமே நிகழ்கின்றது. ஆயினும், 22 வயதிலே நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞனின் கன்னத்திலும், 26 வயதிலே மணம் பேசப்படும் பெண்ணின் தாடையிலும் அது நீங்காது நிற்றலைக் காணலாம். உரிய வயது கடந்தும் அகலாத பருவைக் கண்டு அவர்கள் மனங் குன்றுகின்றனர். நிழற்படம் எடுக்கும்போது பின்வரிசையை நாடுகின்றனர். கலியாண வீடுகளுக்குச் செல்லவும் கூசுகின்றனர். இதனை அற்ப விடயமென்று தள்ளிவிடுதல் நீதியாகாது.

பிறர் பேச்சு இத்துன்பத்தை மேலும் பெருக்குகின்றது. முகங் கழுவாத சோம்பல் என்பார் ஒருவர். எண்ணெய்ப் பலகாரத்தின் பலன் என்பார் மற்றொருவர். தீய எண்ணத்தின் விளைவு என்று பழிப்பாரும் உளர். பரு தோன்றும் முறையை அறிந்தார் இவ்வாறு பேசமாட்டார்.

தோலிலுள்ள மயிர்த்துவாரங்களைச் சார்ந்து நெய்ச் சுரப்பிகள் அமைந்துள்ளன. முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் இவை மிகுதி. ஆண், பெண் இருபாலார் உடலிலும் ஊறும் அந்திரோசன் என்னும் ஓமோன்கள் இச்சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மிகுதியாகச் சுரந்த நெய்யும் உதிர்ந்த தோற்கலங்களும் சேர்ந்து துவாரத்தை அடைக்கின்றன. தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகைப் பற்றீரியா அவ்வடைப்பினுள்ளே பெருக, தோல் சிவந்து வீங்குகின்றது. கரும்புள்ளியின் கருமையும் அழுக்கினால் வருவதன்று. மெலனின் என்னும் நிறப்பொருள் காற்றுப் பட்டுக் கறுத்தலே அதற்குக் காரணம். ஆகவே, சவர்க்காரத்தால் எத்துணைதான் தேய்த்தாலும் அது நீங்காது, தோலே புண்படும். பெற்றோருக்குப் பரு இருந்திருப்பின் பிள்ளைகளுக்கும் வருதல் கூடும். பெண்களுக்கு மாதவிலக்கிற்கு முன்னர் இது மிகுதல் வழக்கம். மாதவிலக்கு ஒழுங்கு தவறுதலும் முகத்தில் மயிர் வளர்தலும் உடன் காணப்படின், சூலகத்தைப் பற்றிய பரிசோதனையும் வேண்டப்படும்.

பருவினும் கொடியது தவறான பரிகாரம். தேசிக்காய்ச் சாறும் பற்பசையும் பூசித் தோலை எரித்துக்கொள்வார் பலர். நகத்தாற் கிள்ளிப் பிதுக்குவார் நிலையான தழும்பைத் தேடிக்கொள்கின்றனர். கருநிறமுடைய தோலிலே பரு ஆறிய பின்னரும் கரும்வடுக்கள் பல மாதங்கள் நிற்பதால் இவ்வெச்சரிக்கை இந்நாட்டவர்க்குப் பெரிதும் பொருந்தும். முகத்தை வெளுக்கச் செய்யும் எனக் கூறி விற்கப்படும் சில பூச்சுகளில் ஸ்ரீரொயிட்டு மருந்து கலந்திருத்தல் உண்டு. சில நாட்களில் முகம் தெளிந்ததுபோலத் தோன்றும். நாளடைவில் தோல் மெலிந்து, முன்னிலும் மிகுதியாகப் பரு எழும். வேறு சில பூச்சுகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் இரசம் உண்டு. 2013 ஆம் ஆண்டில் உலக நாடுகள் இணங்கிய மினமாத்தா உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளை விலக்க முற்பட்டது; எனினும் அவை சந்தையிலிருந்து முற்றாக ஒழிந்தபாடில்லை. உள்ளடக்கம் அச்சிடப்படாத பூச்சை வாங்காதிருத்தலே அறிவுடைமை.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? நாளுக்கு இருமுறை மென்மையான சவர்க்காரத்தால் முகங் கழுவுதல் போதும். பென்சோயில் பேரொட்சைட்டுக் களிம்பும், விற்றமின் ஏ இனத்தைச் சார்ந்த களிம்புகளும் பயன்தரும் மருந்துகளாம். முதலில் தோல் சற்று உலர்ந்து உரியும். அதற்கு அஞ்சி ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவோரே மிகப் பலர். 6 முதல் 8 வாரங்கள் கழிந்த பின்னரே மருந்தின் பயன் தெரியவரும். நுண்ணுயிர் கொல்லி மருந்தை மாத்திரம் தனியே நீண்டகாலம் பாவித்தல் கூடாது. பற்றீரியாக்கள் அதற்கு அடங்காமற் போகும். கடும் பருவுக்குரிய ஐசோற்றெற்றினோயின் என்னும் மாத்திரை 1982 இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அது வலிமை மிக்கது. கருவிலுள்ள குழந்தைக்குப் பெருங்கேடு விளைப்பதுமாம். ஆதலால் கருவுற்றோர் அதனை உட்கொள்ளலாகாது. ஏனையோரும் தோல்நோய் வைத்திய நிபுணரின் கண்காணிப்பிலன்றி உட்கொள்ளலாகாது. விற்றமின் ஏ இனக் களிம்புகளையும் கருவுற்றோர் தவிர்த்தல் வேண்டும். இலங்கையின் போதனா வைத்தியசாலைகளில் தோல்நோய்ச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கின்றது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். சொக்கலேற்றுக்கும் பருவுக்கும் தொடர்பில்லையென 1969 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறிற்று. அவ்வாய்வின் முறை பிற்காலத்தில் கண்டிக்கப்பட்டது. 2007 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், 15 முதல் 25 வயது வரையுள்ள 43 ஆண்கள் 12 வாரங்கள் ஆராயப்பட்டனர். இரத்தத்திற் சீனியை விரைவாக ஏற்றாத உணவை உண்டோர்க்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. ஆகவே, இனிப்புப் பானங்களையும் வெதுப்பகப் பண்டங்களையும் குறைத்து, பயறு, கடலை, கீரை முதலியவற்றைக் கூட்டுதல் நன்று. ஆயினும் உணவு மருந்தின் இடத்தை நிரப்பாது.

இறுதியாக, வீட்டிலுள்ளோர்க்கு ஒரு கடமையுண்டு. வந்த விருந்தினர் முன்னிலையிலே மகளின் முகத்தைக் காட்டிக் கைமருந்து கேட்கும் தாய், அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றாள். மகளோ அன்றிரவு உறங்குவதில்லை. பரு மிகுந்த இளையோரிடத்தே மனச்சோர்வும் மிகுதியாகக் காணப்படுகின்றது. கலகலப்பாயிருந்த பிள்ளை அறைக்குள் ஒடுங்குமாயின், படிப்பிலும் உணவிலும் நாட்டம் இழக்குமாயின், அதனையும் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். தழும்பு விழுந்த பின்னர் அதனை நீக்குதல் அரிது. விழாமற் காத்தல் எளிது. பரு தானே மறையும் என்று ஆண்டுக்கணக்காகக் காத்திராது, காலத்தோடு ஒரு வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே பெற்றோர் அப்பிள்ளைக்குச் செய்யத்தக்க உதவியாகும்.