கையொப்பமிட மறுத்த ஆசிரியர்கள்



போர் என்றதும் நாம் படைகளையே எண்ணுகிறோம். பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு போரை இன்று நினைவுகூர்வோம்.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியப் படை நார்வே நாட்டிற்குள் புகுந்தது. மன்னர் ஏழாம் ஹாகோன் பணிய மறுத்து, லண்டனிலிருந்து எதிர்ப்பைத் தொடர்ந்தார். உள்நாட்டிலோ குவிஸ்லிங் என்பவர் பகைவரோடு கைகோத்தார். 1942 பிப்ரவரியில் ஆட்சித் தலைமை பெற்றதும் அவர் கைவைத்தது கல்வியின் மீது. ஆசிரியர் அனைவரும் அரசின் புதிய சங்கத்தில் சேர வேண்டும். 10 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள் கட்சியின் வழியில் இளைஞர் பணி ஆற்ற வேண்டும் என ஆணை பிறந்தது.

ஆசிரியர்களுள் மிகப் பெரும்பாலோர், மனச்சான்றுக்கு மாறானதைச் செய்யோம் என ஒரே வாசகத்தில் எழுதி, தத்தம் பெயரிட்டு அனுப்பினர். பெற்றோரும் பெருந்திரளாகக் கடிதம் எழுதினர். எரிபொருள் தட்டுப்பாடு எனக் காரணம் கூறி அரசு பள்ளிகளை மூடியது. மார்ச்சில் சுமார் 1,100 ஆசிரியர்கள் கைதாயினர். அரைவயிற்று உணவு தந்து, உறைபனியில் தவழச் செய்து வதைத்தனர். ஏறத்தாழ 500 பேரைக் கப்பலேற்றி, வடகோடியிலுள்ள கிர்கெனஸ் துறைமுகத்தில் கடும் உழைப்புக்கு அனுப்பினர். அவர்தம் குடும்பங்களுக்கு மக்கள் மறைவாகப் பொருள் திரட்டி உதவினர். இறுதியில் திட்டம் வீழ்ந்தது. நவம்பருக்குள் ஆசிரியர்கள் இல்லம் திரும்பினர்.

ஆனால் அதே நவம்பர் 26 அன்று, 500க்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்லோவிலிருந்து ‘டோனாவ்’ கப்பல் புறப்பட்டது. பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டனர். அவர்களைப் பிடித்துக் கொடுத்ததில் நார்வே நாட்டுக் காவலருக்கும் பங்குண்டு. திருச்சபையார் கண்டித்தனர், நல்லோர் பலர் உயிரைப் பணயம் வைத்து யூதர்களை ஸ்வீடனுக்கு அழைத்துச் சென்று காத்தனர். எனினும் அக்கப்பல் நிற்கவில்லை. 2012இல் அந்நாட்டுப் பிரதமர் இதற்காக மன்னிப்புக் கோரினார்.

இளைஞர்களே! தம் பிள்ளைகளுக்காக எழுந்த நாடு, எண்ணிக்கையில் சிறிய ஒரு கூட்டத்தாருக்காக அவ்வாறு எழவில்லை. இதன் வேதனை சேரியில் பிறந்த நமக்குப் புரியும்.

நம் பாட்டன்மார் பிறர் எழுதிய தாளில் கைநாட்டு வைத்தனர். நாம் கையொப்பமிடக் கற்றோம். எதற்குக் கையொப்பமிடலாகாது என்பதையும் கற்போமாக. நம்மினும் எளியோர்க்கு இடர் வருங்கால், முதலில் எழும் குரல் நம்முடையதாகுக.