யாருக்கு எந்த நூல்?



நல்ல நூலொன்று கூறுக என்று கேட்போர் பலர். கேட்பவரின் இயல்பறியாது விடை கூறுதல் அரிது. இலங்கையின் போர்க்காலத் துயரைப் பொருளாகக் கொண்டு அண்மை ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வெளிவந்த மூன்று நாவல்களைக் கொண்டு இதனை விளக்கலாம்.

துப்பறியும் கதையில் நாட்டமுடையோர்க்கு ஏற்றது, ஷெஹான் கருணாதிலக எழுதி, 2022இல் புக்கர் பரிசு பெற்ற ‘மாலி அல்மெய்தாவின் ஏழு நிலவுகள்’. 1990ஆம் ஆண்டுக் கொழும்பிலே, இறந்துபோன புகைப்படக் கலைஞன் ஒருவன் தன்னைக் கொன்றவர் யாரெனத் தேடுகிறான். எள்ளலும் கொடுமையும் கலந்த நூலாதலின் சிறுவர்க்கு ஏற்றதன்று.

ஆறஅமரச் சிந்திப்போர்க்கு உரியது, அனுக் அருட்பிரகாசம் 2021இல் வெளியிட்ட ‘வடக்கு நோக்கிய பயணம்’. பாட்டியைப் பராமரித்த ராணி என்பவளின் இறுதிச் சடங்குக்காக இளைஞனொருவன் கொழும்பிலிருந்து ரயிலேறுகிறான். ராணியோ போரிலே மைந்தர் இருவரை இழந்தவள். நிகழ்ச்சிகள் சில, நினைவுகள் பல. விரைவை விரும்புவோர் பொறுமையிழப்பர்.

உயர்தர வகுப்பு மாணவியர்க்கு வி. வி. கணேஷானந்தனின் ‘சகோதரரில்லா இரவு’ பொருந்தும். 2024இல் பெண்கள் புனைகதைப் பரிசு பெற்றது. மருத்துவராக விரும்பும் யாழ்ப்பாணத்துப் பெண் சசியின் கதை இது. எத்தரப்பின் தவற்றையும் அது மறைப்பதில்லை.

இந்நூல்களை ஆங்கிலமறிந்த பிள்ளைகள் வாசித்து, வீட்டு மூத்தோர்க்குத் தமிழிற் கூறுவார்களாக. “அப்படியன்று, நடந்தது இப்படி” என்று, நெடுநாள் மௌனமாயிருந்த மூத்தோர் வாய்திறக்கவும் கூடும். அச்சொற்கள் எந்நூலிலும் அச்சேறாதவை. அவற்றைக் கேட்பதற்குரிய காலமோ குறுகியது.